ரொறன்ரோவிலிருந்து வந்த வருமானம்

கொழும்பில் வெள்ளவத்தை வீட்டுக்கான கடன் விண்ணப்பத்தை நாங்கள் 2018 மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று மனைவி முணுமுணுத்தாள். ஆனால் எங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு மறுநாளிலிருந்து விடுமுறை. காத்திருந்தால் வீட்டை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள்.

அதிகாரி ஒரு இளம் சிங்களப் பெண். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு இறக்கிக்கொடுக்கும் கம்பனி ஒன்றில் நான் கணக்குப் பார்க்கிறேன். அந்தச் சம்பளத்தை எழுதினாள். மனைவி வீட்டில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து உழைப்பதையும் எழுதினாள். பிறகு மாதத் தவணையை இரண்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தவணை எங்கள் வருமானத்தில் பாதியைத் தாண்டியது. வேறு ஏதாவது வருகிறதா என்று சிங்களத்தில் கேட்டாள்.

“மல்லி எவனவா” என்றாள் மனைவி. தம்பி அனுப்புகிறான்.

அவளுடைய தம்பி கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறான். களஞ்சியம் ஒன்றில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். மாதத்தின் முதல் வாரத்தில் அவன் அனுப்பும் காசு தவறாமல் எங்கள் கணக்கில் விழும். வங்கியே அதற்குச் சாட்சி. அந்தப் பெண் கணினியில் பார்த்தாள், மூன்றாவது வருமானமாக அதைச் சேர்த்தாள், மறுபடி பிரித்தாள். தவணை வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. முகம் மலர்ந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. எங்களைச் சுற்றியிருந்த யாருக்கும் அப்படித் தெரிந்திருக்காது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் எத்தனையோ வீடுகள் கனடாவையும் லண்டனையும் சுவிஸையும் நம்பித்தான் நிற்கின்றன. “ஆர் வெளியில?” என்பது இங்கே பெண் பார்க்கப் போனாலும் கேட்கிற கேள்வி, வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் கேட்கிற கேள்வி. வெளியில் ஒருவர் இருக்கிறார் என்றால் போதும். அவர் அங்கே எதிலிருந்து அனுப்புகிறார் என்று யாரும் தொடர்ந்து கேட்பதில்லை.

அதற்கு முன் பதினைந்து வருடத்துக்கு மேல் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். அங்கே கடன் ஒளிவுமறைவில்லாத விஷயம். மாடிப்படிக்குக் கீழே இருந்த துறைமுகத் தொழிலாளியின் மனைவி திருவிழாவுக்கு முந்தி வளையலை அடகு வைப்பதும், கணவனுக்கு போனஸ் வந்ததும் மீட்டுக்கொண்டு வந்து கையை ஆட்டிக் காட்டுவதும் முழு ஒழுங்கைக்கும் தெரியும். தவணைக்குச் சேலை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, யார் எத்தனை மாதம் பாக்கி என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டே போவார். எனக்கு அந்த ஊர் வாழ்க்கையில் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. மழைக்கு வெள்ளம் வீட்டுக்குள் வரும், தண்ணீருக்குச் சண்டை நடக்கும். வெள்ளவத்தைக்கு வந்தபின் கதவைச் சாத்திவிட்டு இருக்கக் கிடைத்ததே பெரிய சுகமாக இருந்தது. பக்கத்து வீட்டாரின் கடன் எங்களுக்குத் தெரியாது. எங்களுடையது அவர்களுக்குத் தெரியாது.

நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டினோம். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022இல் வங்கி வட்டியை ஏற்றியது. ஒரு கடிதம் வந்தது, பின்னர் இன்னொன்று. தவணை முதலில் கட்டியதைவிட ஒன்றரை மடங்காயிற்று. அரிசி, மா, காஸ் எல்லாம் ஏறின. பாரை மீன் வாங்கிய நாங்கள் மலிவான சாளைக்கு இறங்கினோம். டியூஷன் காசை “அடுத்த மாசம் சேத்துத் தாறன் ரீச்சர்” என்று சொல்லும் பெற்றோர் கூடினார்கள். மனைவியால் அந்தப் பிள்ளைகளை வர வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை.

அந்த வருடம்தான் ரூபாவும் விழுந்தது. டொலரின் பெறுமதி அவ்வளவு ஏறியபோது, மைத்துனன் வழக்கமாக அனுப்புவது இரட்டிப்புக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரூபாவில் முன்பு வந்த அதே அளவுதான் வந்தது. அதாவது அவன் அனுப்பும் டொலர் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தெரியாமல் இல்லை. மனைவியிடம் சொன்னேன்.

“எங்களுக்குத் தேவை ரூபாதானே” என்றாள். “அவன் கணக்குப் பாத்து அனுப்பிறான். கெட்டிக்காரன்.”

நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ரூபா விழாமல் இருந்திருந்தால் அவனுக்கு ஏதோ நடக்கிறதென்று எங்களுக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

2023 ஆடியில் மைத்துனன் தனியாக வந்தான். தன் மனைவி பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை. டிக்கெட் விலை என்றான். முந்திய தடவை வந்தபோது எங்கள் ஒழுங்கையிலேயே நாள் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருந்தான். இந்தத் தடவை எங்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தான். சொக்கலேற் கொண்டுவந்திருந்தான், எனக்கு ஒரு கைக்கடிகாரமும். ஆனால் காலி வீதியில் முச்சக்கரவண்டி பிடிக்காமல் வெயிலில் நடந்தான்.

“கனடாக்காரன் பஸ்ஸில போனால் ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்று மனைவி கேலி செய்தாள்.

“அங்கயும் நான் பஸ்தான் அக்கா. காரை மனுசி கொண்டு போயிடுவா.”

“அப்ப இஞ்சையாவது ஓட்டோவில போவன்ரா.”

“ஓட்டோக்காரன் என்ர சப்பாத்தைப் பாத்துத்தான் விலை சொல்லுறான். செருப்பு இருந்தால் தாருங்கோ அத்தான், போட்டுக்கொண்டு போறன்.”

சிரித்தோம். ஆனால் மனைவிக்கு மனதுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வந்ததும் ஒரு பெரிய தொகை கேட்பது என்று முடிவு செய்திருந்தாள். கடனில் ஒரு பகுதியை ஒரேயடியாகக் கட்டிவிட்டால் தவணை தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கும், வீடு தப்பும். இல்லாவிட்டால் எங்களால் அந்த வருடத்தைத் தாண்ட முடியாது. இரண்டு தவணை ஏற்கெனவே பிந்தியிருந்தது. எப்படித் தொடங்குவது, எந்தச் சொல்லில் கேட்பது என்று சமையலறையில் அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நண்டுக் கறி வைத்தாள். சாப்பிட்டபின் மூவரும் பல்கனியில் இருந்தோம். கடற்காற்றில் கம்பியெல்லாம் கறள் பிடித்திருந்தது. மைத்துனன் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் கேட்டாள். பாதியில் கடலோரத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போனது. நிறுத்தி, அது போனபின் திரும்பத் தொடக்கத்திலிருந்து கேட்டாள்.

அவன் முகம் மாறவேயில்லை. “எவ்வளவு அக்கா?”

சொன்னாள்.

கொஞ்சம் யோசித்தான். “செய்யலாம். போய்த்தான் பாக்க வேணும். வீட்டு மேல இன்னும் கொஞ்சம் எடுக்க விடுவாங்கள்.”

“எடுக்கவெண்டால்?” என்று கேட்டேன். “எங்கயிருந்து எடுப்பீர்?”

“பாங்கிலதான் அத்தான். கடன். வேற எங்கயிருந்து?”

“அப்ப மாசாமாசம் அனுப்பிறது?”

“அதுவும் அப்பிடித்தான்” என்றான், இதெல்லாம் எங்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி என்பதுபோல. “சம்பளம் வீட்டுத் தவணைக்கும் காருக்கும் சரி. பாங்கில ஒரு கணக்குத் திறந்து தந்திருக்கிறாங்கள், தேவையெண்டால் அதில எடுக்கலாம், வட்டியை மட்டும் கட்டினாப் போதும். அதிலதான் உங்களுக்குப் போடுறனான். போன வருசம் அங்கயும் வட்டியை ஏத்திப்போட்டான். அதாலதான் கொஞ்சம் குறைச்சனான்.”

“எப்ப துவங்கி?” என்றேன்.

“ரெண்டாவது பிறந்த காலம் துவங்கி.”

அவனுடைய இரண்டாவது பிள்ளை பிறந்தது 2016இல். நாங்கள் வங்கிக்குப் போவதற்கு இரண்டு வருடம் முன்னர். அந்தப் பெண் அதிகாரி மூன்றாவது வருமானமாகச் சேர்த்தது, அதைச் சேர்த்தபின் முகம் மலர்ந்தது, எல்லாம் இன்னொரு வீட்டின் கடன். கனடாவில் பல குடும்பங்கள் ஒரு வருடத்தில் உழைப்பதைவிடக் கூடுதலாகக் கடன் வைத்திருக்கின்றன என்று நான் பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அது கனடாக்காரரைப் பற்றிய செய்தி என்றுதான் நினைத்திருந்தேன். அதில் மைத்துனனும் இருப்பான், அவன் வழியாக நாங்களும் இருப்போம் என்று தோன்றியதில்லை.

மனைவிக்குக் கோபம் வந்தது. “ஏன்ரா சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லையே.”

“விசரே உனக்கு? கடன்பட்டு ஆரும் அனுப்புவினமோ?”

“எல்லாரும்தான் அனுப்பினம். நீ என்ன, அங்க எங்களுக்குக் காசு மரத்திலயோ காய்க்குது?” அவனுக்கும் குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தான். “வேலையில என்னை ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை அக்கா. நம்பர்தான். என்ர அக்காவுக்கு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் வீடு இருக்கு, நான்தான் பாக்கிறன் எண்டு சாப்பாட்டு நேரத்தில சொல்லுவன். அதுதான் எனக்கு இருக்கிறது.”

மனைவி உள்ளே போய்ச் சம்பல் கிண்ணத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள், கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல, எங்கள் வரவையும் கடனையும் ஒளிக்காமல் சொன்னாள். “இப்ப நீ சொல்லு.” அவன் மழுப்பினான். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். இருவரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒருவர் என்ன உழைக்கிறார், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மற்றவருக்கு அன்றுதான் தெரிந்தது. தொகைகளை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கடன் எங்கள் இரண்டு வருட உழைப்பை விழுங்கும். அவனுடையது அவனுடைய ஐந்து வருட உழைப்பை விழுங்கும். நாங்கள்தான் ஏழைகள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

“வீட்டை விப்பம்” என்றாள் மனைவி.

அதற்கு அவன்தான் மறுத்தான். நானல்ல. “வித்தால் நான் இவ்வளவு காலம் என்னத்துக்கு அனுப்பினனான்?” என்று எழுந்து நின்றான். போய் எப்படியாவது எடுத்து அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு என்று கெஞ்சினான். திரும்பிப் போகும் நாள்வரை அதையே சொன்னான். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, “அத்தான், நீங்களாவது சொல்லுங்கோ” என்றான். நான் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது.

நல்ல விலைக்காகக் காத்திருந்து 2024 பங்குனியில் விற்றோம். வங்கிக்குக் கொடுத்தது போக ஒரு தொகை மிஞ்சியது. கிருலப்பனையில் கீழ்வீடு ஒன்று வாடகைக்கு எடுத்தோம். மனைவியிடம் படிக்கிற பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம். மிஞ்சியதில் ஒரு பங்கைத் தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அவனுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னதும், “எனக்குக் காசு அனுப்பினால் பேந்து உன்னோட கதைக்க மாட்டன்” என்று வைத்துவிட்டான். அவள் அசையவில்லை.

இங்கிருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப வங்கி கேட்ட பத்திரங்களைத் தேடி இரண்டு கிழமை அலைந்தும் சரிவரவில்லை. கடைசியில் காலி வீதிக்குப் பின்னால், மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கடைக்குப் போனோம். வெளியிலிருந்து வரும் காசும் அங்கே கைமாறும் என்பது ஊரறிந்தது. கடைக்காரரின் மகள் மனைவியிடம் படித்தவள்.

“வாங்கோ ரீச்சர். எடுக்கவோ?”

“இல்லை. அனுப்ப. ரொறன்ரோவுக்கு.”

அவர் மேசையிலிருந்து நிமிர்ந்தார். “ரொறன்ரோவுக்கோ? ரீச்சர், களனி கங்கையைத் திருப்பி மலைக்கு விடப் போறியளோ?”

“தம்பிக்குக் கொடுக்க வேணும்.”

“அங்க காசு முடிஞ்சுதாமோ?” என்று சிரித்தார். மனைவி சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். எங்கள் கட்டுகளை வாங்கி எண்ணினார். பிறகு சுவரோரம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். கொழும்பின் வடக்கே முகத்துவாரத்திலிருந்து வந்தவராம், மகன் கனடாவிலிருந்து அனுப்பிய காசுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார். கையில் காசு வந்தால்தான் தருவேன் என்று கடைக்காரர் இருத்திவைத்திருக்கிறார். இந்த வியாபாரத்தில் காசு கடல் கடப்பதில்லை. நாங்கள் இங்கே கொடுத்தது இங்கேயே இன்னொருவருக்குப் போகும். அவருடைய மகன் அங்கே கொடுத்தது அங்கேயே எங்கள் தம்பிக்குப் போகும்.

எங்கள் கட்டிலிருந்து எண்ணிக் கொடுத்ததை அந்த அம்மா கைப்பைக்குள் வைத்து, பைக்கு மேலே கையையும் வைத்துக்கொண்டார். “எம்புள்ள பாவம், ராவு பகலா வேல” என்றார், எங்கள் எல்லோருக்கும் பொதுவாக.

மனைவி அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். “அம்மா, மகனுக்கு அங்க கடன்கிடன் இருக்கோ?”

“தெரியல்லியே மக. கேட்டதில்ல.”

“ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.”

அந்த அம்மா பையை மடியோடு அணைத்துக்கொண்டார். “கேட்டா, அனுப்புறத நிப்பாட்டிருவானோன்னு பயமா இருக்கே.”

“எனக்கும் அந்தப் பயம்தான் அம்மா இருந்தது” என்றாள் மனைவி.