கஸ்தூரி சுருக்கி எழுதிய வரி

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த கஸ்தூரி, 2003இல் திருவண்ணாமலையில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியின் நெட்வொர்க்கை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். மோடத்தில் விளக்கு எரிந்தால் போதும், முதலாளி அப்பாதுரைக்குப் பரம திருப்தி. மற்றதெல்லாம் இவள் தலையில்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கம்பெனியின் பதினாறு கட்டு இன்டர்நெட் முகவரிகளையும் தனித்தனியாக அறிவிக்காமல், "இந்த வரிசை முழுக்க எங்களிடம் வரும்" என்று வெளி நெட்வொர்க்குகளுக்கு ஒரே வரியில் சுருக்கி எழுதியிருந்தாள். சென்னை ஆட்களே பாராட்டிய வரி அது.

அந்த ஆடியில் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டர்களை, நாலு கட்டு முகவரிகளோடு, ஒரு வேலூர் கம்பெனி இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அன்றைக்கே பிடித்தது சனி. சில தளங்கள் திறந்தன, சில திறக்கவே இல்லை. ஆசிரமங்களுக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் பாதி மெயிலோடு எழுந்து போனார்கள். வேலூர் கம்பெனியின் ஆள் தருமன், கேபிளை மாற்றினான், ரூட்டரையும் மாற்றினான். ஒன்றும் நடக்காமல் கஸ்தூரிக்குப் போன் செய்தான்.

"மேடம், உங்க சைடுல ஒரு வாட்டி பாருங்களேன்."

"எங்க சைடுல எல்லாம் கரெக்டா கீதுங்க. உங்களுத பாருங்க."

இரண்டு தடவை இதே பதில். பௌர்ணமி நெருங்கும்போது மூன்றாவது போன் வந்தது.

"நாளையில இருந்து வரவேணாம்னு சொல்லிட்டாங்க மேடம். கைக்குழந்த கீது. என்னா தப்பு பண்ணேன்னுதான் புரியல."

கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டு நெட்வொர்க் ஒன்றிலிருந்து செங்கம் ரோட்டு முகவரி ஒன்றுக்கு வழி தேடிப் பார்த்தாள். வழி சென்னை வரை ஒழுங்காக வந்து, கடைசியில் அவள் மேசைக்குப் பக்கத்திலிருந்த ரூட்டரிலேயே நின்றது.

"அந்த நாலு கட்டும் இனி எங்களிடம் வரும்" என்ற வேலூர்க்காரர்களின் சின்ன அறிவிப்பைச் சில பெரிய நெட்வொர்க்குகள் மதிக்கவில்லை. இவளுடைய பெரிய வரியை நம்பி எல்லாவற்றையும் இங்கே அனுப்பின. கைமாறிய நாலு கட்டுக்கு வந்ததை வேலூர்ப் பக்கம் திருப்பிவிட இவள் வழி எழுதவே இல்லை. ரூட்டர் அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டது.

இரண்டு கம்பெனிக்கும் நடுவே ஏற்கெனவே லைன் இருந்தது. அந்த நாலு கட்டையும் அதில் திருப்பிவிட்டாள். பத்து நிமிஷ வேலை, தளங்கள் எல்லாம் திறந்தன. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கெட்ட பேர் தருமனோடு போயிருக்கும். நம்மில் எத்தனை பேர் அப்படித்தான் இருந்திருப்போம்!

கஸ்தூரி வேலூர் மேலாளருக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, கீழே தன் பேரைப் போட்டு, அப்பாதுரைக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். சாயங்காலமே தருமனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அப்பாதுரை தாளும் கையுமாக வந்து நின்றார். "ஏம்மா, உன் பேர எதுக்குப் போட்ட? கம்பெனி பேரு போதாதா?"

"அந்த வரிய கம்பெனி எழுதல சார். நான்தான் எழுதுனேன்."