புழுவுக்குப் பங்கு கேட்ட ஜமால் பாய்

செய்தி வந்தபோது நான் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் தங்கி விவசாயம் படிக்கிற என் பேத்தி போன் செய்தாள். எப்போதும் "சாப்பிட்டியா அப்பாயி?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு அது இல்லை. "அப்பாயி, விதைக்கடை பாய் காலையில இறந்துட்டாராம். கடை சாத்தியிருக்கு," என்றாள். மடியில் கட்டிய பஞ்சோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜமால் பாயிடம் விதை வாங்கியவர்கள் உப்பிலியபுரம், துறையூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். "நீங்க எழுதுங்க, தப்பு இருந்தா நான் திருத்துறேன்," என்று பேத்தி சொன்னாள். திருத்த அதிகமில்லை என்று பிறகு அவளே சொல்லிவிட்டாள்.

துறையூரிலேயே விதைக்கடை இருக்கும்போது திருச்சிக்கு ஏன் போனேன் என்றால், அது ஆடிப்பெருக்கோடு ஒட்டிய பழக்கம். ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்து, காவேரிக்குக் காதோலை கருகமணியும் காப்பரிசியும் கொடுப்போம். அங்கிருந்து பஸ் பிடித்துப் பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருந்த பாய் கடைக்குப் போவோம். ஈரத்தலையோடு நுழைந்தால், "வாங்கக்கா, ஆத்தாள பாத்தாச்சா? இப்ப நம்ம கடைய பாருங்க," என்பார். அந்த விதையை ஊன்றினால்தான் எங்கள் காட்டுக்கு ஆடி பிறந்த மாதிரி.

அப்போதெல்லாம் அவர் கடையில் விதையைவிடப் பூச்சிமருந்துதான் அதிகம். காய்ப்புழு அப்படி. இன்றைக்கு அடித்தால் அடுத்த வாரம் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு மருந்து கேட்கவில்லையென்றால் இரண்டைக் கலந்து அடிப்பார்கள். ஒருநாள் வெயிலில் டேங்க்கை முதுகில் சுமந்து மருந்தடித்துக்கொண்டிருந்த என் மகன் செல்வராசு, வாயில் நுரை தள்ளக் காட்டிலேயே விழுந்துவிட்டான். அப்போது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. துறையூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எப்படியோ கேள்விப்பட்டு பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "எந்த மருந்துக்கா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் கடையில் வாங்கியதுதான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி போய்விட்டார். செல்வராசு பிழைத்துக்கொண்டான். அளவு மீறிக் கலந்தது நாங்கள்தான் என்று பின்னால் எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தேன். அவர் மனசு ஆறவில்லை.

அதற்கடுத்து வந்த ஏதோ ஓர் ஆடியில்தான் அந்தப் புது விதைப் பையை எடுத்து வைத்தார். பி.டி. பருத்தி. மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரின் குணத்தை விதைக்குள் வைத்திருக்கிறார்களாம். செடியைக் கடித்த காய்ப்புழு சாகுமாம். தேனீக்கும் சிலந்திக்கும் ஒன்றும் ஆகாதாம். எனக்குப் பயம். மாடு தழையைத் தின்றால் செத்துப்போகும், மண் மலடாகிவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதையெல்லாம் கேட்டேன்.

"படிச்சவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்து வச்சிருக்கேன். கொஞ்சமாப் போட்டுப் பாருங்க. இதப் போட்டா என்கிட்ட மருந்து வாங்க வரமாட்டீங்க."

"அப்பறம் உங்க பொழப்பு?"

"வராதீங்கன்னுதான் சொல்றேன். செல்வராசு அந்த டேங்க்கத் தூக்க வேணாம்."

மருந்து விற்கிற மனுஷன் வாயிலிருந்து வந்த சொல் இது. போட்டோம். சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சிக்கு ஒன்றிரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது, அது உண்மை. காய்ப்புழுவுக்கு அடிக்கவே இல்லை. பஞ்சு வெள்ளை வெளேரென்று வெடித்தது. பருத்தி எடுக்க வந்த பெண்கள், "இந்த வருசம் கையில அரிப்பு இல்ல, தலைவலி இல்ல," என்றார்கள். செல்வராசு டேங்க்கைக் கழுவிப் பரணில் போட்டான். அந்தப் பருத்தி வருமானத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு பிறந்தவள்தான், இன்றைக்கு வகுப்பில் முதலாவதாக வருகிற என் பேத்தி.

பாய் கடையில் மருந்து அடுக்கு காலியாகிக்கொண்டே வந்தது. அதைக் காட்டிச் சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருக்குக் கோபம் வரும். அந்த விதைப் பையோடு இன்னொரு சின்னப் பொட்டலம் வரும். அது சாதாரணப் பருத்தி விதை. காட்டைச் சுற்றி ஓரத்தில் அதை ஊன்ற வேண்டும். வாங்கியவர்கள் கடைவாசலிலேயே அதைக் கிழித்து வீசிவிட்டுப் போவார்கள். புழு தின்னப்போகிற செடிக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? பாய் வாசலில் இறங்கி, வீசிய பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை ஆளைத் தேடிப் போயிருக்கிறார்.

"புழுவுக்கு எதுக்கு பாய் பயிர் வைக்கணும்?" என்று நானும் கேட்டேன்.

"புது விதைச் செடியத் தின்னும் சாவாத முரட்டுப் புழு ஒண்ணு ரெண்டு தப்பிச்சு, பூச்சியாகிப் பறக்கும். முரடும் முரடும் சேந்தா, பொறக்கிறது பூரா முரடு. ஓரத்துல சாதாச் செடி இருந்தா அங்க சாதுவான பூச்சி நெறைய வளரும். முரடனுக்கு சாதுவான எடத்துல பொண்ணு அமையும். அதுங்களுக்குப் பொறக்கிற புள்ளைங்க, செடியக் கடிச்சா செத்துரும்."

"ஏன் பாய், கல்யாணத் தரகும் ஆரம்பிச்சாச்சா?"

"மருந்து யாவாரம் படுத்துப்போச்சே, வேற என்ன பண்றது!" என்று சிரித்தார். பிறகு, "காவேரிக்குக் காதோலை கருகமணி விட்டுட்டுத்தானே வர்றீங்க? வீணாப் போச்சுன்னா நெனைக்கிறீங்க? புழுவுக்கும் ஓரத்துல ஒரு பங்கு வைங்க," என்றார்.

நான் வைத்தேன். பக்கத்துக் காட்டு முத்துசாமி வரப்பில் நின்று, "என்ன மதினி, புழுவுக்குப் பந்தியா? எலை போட்டாச்சா?" என்று கேலி பேசுவார். ஊரில் வேறு யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. ஒரு காட்டின் ஓரம் ஊருக்கே எப்படிக் காணும்?

பாய் பயந்தது நடந்தது. நல்லபடியாகப் போன வருஷங்களுக்குப் பிறகு ரோஸ் நிறத்தில் ஒரு காய்ப்புழு வந்தது. வெளியே பார்த்தால் காய் பளபளவென்று இருக்கும். உள்ளே பஞ்சு கறுத்து அழுகியிருக்கும். நாலு காயை மடியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே கூட்டம். போலி விதையைத் தலையில் கட்டிவிட்டதாகச் சிலர் சத்தம் போட்டார்கள். பொட்டலத்தை வீசிவிட்டுப் போனவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு பாய் நான் கொண்டுபோன காயை நறுக்கிப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நல்ல வெதைக்கா அது. நாமதான் அத வச்சுக் காப்பாத்தல," என்றார். பிறகு, "செல்வராசு பரண்லேருந்து டேங்க்க எறக்கிட்டானா?" என்று கேட்டார். இறக்கிவிட்டான் என்றேன்.

இப்போது சாதா விதையைத் தனியாகத் தராமல் ஒரே பையில் கலந்தே தருகிறார்கள். "நம்ம சனம் தூக்கிப் போட்ரும்னு கம்பெனிக்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு," என்றார் பாய். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்கிற வருத்தம் அவருக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது போன ஆடிப்பெருக்கன்று. கடைக்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார், மூச்சு வாங்கியது. பேத்தியைக் காட்டினேன். "புழு தின்னாத கத்திரிக்காயும் இந்த மாதிரி இருக்காமே பாப்பா, பக்கத்து நாட்டுல போடுறாங்களாமே?" என்று அவளிடம் கேட்டார். ஆமாம் என்றாள். நம் ஊரில் இன்னும் அனுமதி இல்லை என்றும் சொன்னாள். "நீ படிச்சு வா. நான் கத்திரிக்காய் தின்னு ரொம்ப காலமாச்சு. எவ்வளவு மருந்து அடிக்கிறாங்கன்னு வித்தவனுக்குத் தெரியும்ல," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாற்பதாம் நாள் அவருக்காகப் பாத்திஹா ஓதியபோது அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரியாணியோடு கத்திரிக்காய் வைத்தார்கள். என்னை அறியாமல் அதை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டேன். பரிமாறிக்கொண்டு வந்த அவர் மனைவி அதைப் பார்த்து நின்றார். "அவங்களும் இப்படித்தாங்க ஒதுக்குவாங்க," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கவலையில்லாமல் ஒரு கத்திரிக்காய் தின்ன அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இனி ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் போனால் நேராக ஊர் பஸ்தான் ஏற வேண்டும். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது காட்டின் ஓரம் ஒன்றுதான். வருகிற ஆடியில் கலந்த விதையை உள்ளே ஊன்றுவோம். ஓரத்தில் சுற்றிலும் வெண்டை போடுவேன். அந்தப் புழுவுக்கு வெண்டையும் ஆகும் என்று பேத்தி சொல்கிறாள். அதில் ஒரு சொட்டு மருந்து படக் கூடாது என்று செல்வராசுவிடம் சொல்லிவிட்டேன். முத்துசாமி வரப்பில் வந்து நிற்பார், பந்தியா மதினி என்று கேட்பார்.

ஆமாம், ஜமால் பாய் வீட்டுப் பந்தி என்று சொல்வேன்.