குழாய் எட்டாத மரம்

நடுச்சாலைத் திட்டில் நாற்பது ஊதாப் பூ மரக்கன்றுகளை நட்ட அன்று சூப்பர்வைசர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "பத்து நாளைக்கு ஒரு தடவை ஊத்துனாப் போதும். ஆனா வேர் முங்குற அளவுக்கு ஊத்தணும். நடுவுல வாடுனா வாடட்டும். வேர் தண்ணியத் தேடிக் கீழ போகும்."

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். குழாய் பிடித்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை, வேலையில் வந்த உறவு. வீட்டில் அவர் புருஷன் படுத்த படுக்கை. இரண்டு வருடத்தில் மரங்கள் காலூன்றிவிட்டால் நாற்றுப் பண்ணையில் நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்த வெயிலில் வெந்தார்.

ஆனால் வாடிய இலையை அக்காவால் பார்க்கவே முடியாது. அவர் தெருக் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். "பாருடா தம்பி, எப்படித் தொங்கிப் போய் நிக்குது. ஒரு வாய் குடுத்துட்டுப் போவோம்" என்பார். தினமும் ஆளுக்கு ஒரு வாய்.

"சூப்பர்வைசர் வேண்டாம்னாரேக்கா?"

"அவரு வீட்டுல தொட்டி நிறையத் தண்ணி. அவருக்கு என்ன தெரியும்?"

எனக்கும் அது வசதிதான். வேர் முங்க ஊற்றினால் ஒவ்வொரு மரத்திடமும் வெகுநேரம் லாரியை நிறுத்த வேண்டும்; இப்படியென்றால் சீக்கிரம் வேலை முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி மரம் மட்டும் வளைவில் இருந்தது. அங்கே லாரி நிறுத்த இடமில்லை, குழாயும் எட்டாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம், மனது வந்தால், அக்கா நாலு குடம் தூக்கிப் போய்க் கொட்டுவார். சவலைப் பிள்ளை என்றே அதற்குப் பெயர். மற்ற முப்பத்தொன்பதும் கொழுகொழுவென்று வளர்ந்தன.

இரண்டு வருடம் முடிந்து அதிகாரிகள் பார்வையிட ஒரு வாரம் இருக்கும்போது காற்று அடித்தது. புயல்கூட இல்லை. காலையில் போனால் திட்டு முழுக்க மரங்கள் பூவோடு சாய்ந்து கிடந்தன. சூப்பர்வைசர் ஒன்றின் வேரைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சாண்கூட இறங்கவில்லை.

"தினம் ஊத்துனீங்களா?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் லாரி டயரைப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"நான்தாங்க ஊத்துனேன்" என்றார் அக்கா.

அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கிளம்பும்போது சூப்பர்வைசர் வளைவைக் காட்டினார். சவலைப் பிள்ளை நிமிர்ந்து நின்றது.

"அந்த ஒண்ண மட்டும் நல்லாப் பாத்துக்கிட்டீங்களேம்மா."

அக்கா குழாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"அத நான் பாக்கவே இல்லீங்க."