நான் சேர்த்துக் கொடுத்த ‘டு’

1987 ஆகஸ்ட் 12, புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை, அப்போது தூறல் மட்டும். வெளிநாட்டில் நாங்கள் குடிவந்திருந்த த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில், எங்களுக்கு மூன்று வீடு தள்ளி, ஒரு பிரேசில்காரப் பெண்மணியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்தபடி அவர் எழுதிய கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது. மனைவியை இழந்த உள்ளூர்க்காரர் ஒருவரை மணந்து வந்து பதினொரு மாதம். எனக்கு அறுபத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மே மாதம் தொடக்கம் அவருக்குக் கிழமைக்கு ஒரு ஆங்கிலப் பாடம், புதன்தோறும்; அது பதினான்காவது.

அவர் பேசுவது போர்த்துக்கேய மொழி. குசினி, அலுமாரி, கதிரை, சப்பாத்து என்று நான் சொல்லச் சொல்ல மேசையில் தட்டிச் சிரிப்பார். “எங்கள் சொல்லையெல்லாம் திருடிவிட்டு எனக்கே பாடமா?” என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பார். இருபத்து மூன்று சொற்கள் தேறின. ஆங்கிலத்திலும் இப்படித்தான், தெரியாத இடத்தில் உங்கள் மொழியில் ஒலிப்பதைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாயிருக்கும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

கடிதம் குடிவரவு அலுவலகத்துக்கு, நிரந்தர வதிவிடம் கேட்டு. ‘ஐ ப்ரிடெண்ட் லிவ் வித் மை ஹஸ்பண்ட்’ என்று எழுதியிருந்தார். நடுவில் ‘டு’ இல்லை. சேர்த்தேன். பிறகுதான் பேனா நின்றது. கணவரோடு வாழ்வதாக நடிக்கிறேன் என்றல்லவா பொருள் வருகிறது? உண்மையாயிருக்குமோ என்று நினைத்தேன். அவர் மணந்த மாப்பிள்ளைக்கு எழுபது வயது. கேட்டால் அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். எங்கள் விண்ணப்பமும் அதே அலுவலகத்தில் கிடந்தது. ஏன் வம்பு என்று, ஏழு திருத்தங்களோடு கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேர்காணலில் அதிகாரி அந்த வரியைக் காட்டி, “யூ ப்ரிடெண்ட்?” என்று கேட்டாராம். “யெஸ் சேர், ஆல்வேஸ்” என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மறுப்புக் கடிதத்தோடு வந்தவர் தன் அகராதியை என் முன் விரித்தார். அவர் மொழியில் ஏறக்குறைய அதே ஒலியுள்ள சொல்லுக்கு, ‘எண்ணியிருக்கிறேன்’ என்று பொருள். கணவரோடு வாழ எண்ணியிருக்கிறேன் என்றுதான் அவர் எழுதியிருந்தார்.

“நீங்கள் வாசித்தீர்கள்தானே?” என்று கேட்டார்.

“கவனிக்கவில்லை” என்றேன்.

வீட்டில் மனைவி விடவில்லை.

“இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. பாத்தனீங்களோ இல்லையோ?”

“பாத்தனான்.”

“பாத்துப்போட்டும் ‘டு’ போட்டனீங்களோ?”

“அது இல்லாட்டி வசனம் பிழையப்பா.”

“வசனம் திருந்தீட்டுது, அந்த மனுசி நாட்டை விட்டுப் போகப்போகுது. நல்ல வாத்தியார்! போய்ச் சொல்லுங்கோ.”

“எங்கட பைலும் அங்கதான் கிடக்கு.”

“கிடக்கட்டும்.”

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அவருடைய அகராதியை இரவல் வாங்கிக்கொண்டு, நகர மையத்திலிருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். அதிகாரி அகராதியைப் பார்த்தார், சிரித்தார், கோப்பில் நாலு வரி எழுதினார். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பெண்மணியின் விசா நான்கு நாள் முன்பே முடிந்திருந்தது. இனி நாட்டுக்கு வெளியே போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்.

அந்தப் பெண்மணி கடல் கடந்து போய், சிட்னியில் தெரிந்தவர் வீட்டில் நாற்பத்தொரு நாள் இருந்துவிட்டு விசாவோடு திரும்பினார். கணவருக்கு முழங்கால் வருத்தம், கூடப் போகவில்லை. அந்த நாட்களில் கணவர் தனியே வேலிக்கு அருகில் நின்றால் நான் தெருவின் மறுபக்கத்தால் நடந்தேன்.

கவனிக்கவில்லை என்று சொன்னதை நான் இன்றுவரை திருத்தவில்லை. சிட்னிக்கு விமானச் சீட்டை மட்டும் நானே எடுத்துக் கொடுத்தேன். அதை நல்ல மனம் என்று நினைத்து, தெருவில் காணும்போதெல்லாம் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்து நன்றி சொல்வார். போய்வர நானூற்றெண்பத்தாறு டாலர்.