கடலின் மேல் போட்ட பழி

குடலிறக்கத்துக்கு அறுவை செய்து, அடிவயிற்றில் செயற்கை வலை பொருத்தி அனுப்பிய வைத்திக்குப்பத்து மீனவர், புண்ணில் சீழ் கோத்துத் திரும்பி வந்தார். எங்கள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் கட்டைப் பிரிக்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: பேச்சைக் கேளாமல் கடலுக்குப் போயிருக்கிறான். மறுக்கத் திராணியின்றி மீனவர் கிடந்தார். மனைவிதான் பேசினார்.

"படகத் தொடக்கூட இல்ல டாக்டர். கக்கூஸ் போறதுக்கே என் தோளப் புடிச்சிக்கினுதான் போனாரு."

தலைமை மருத்துவர் சிரித்தார். மீனவருக்குச் சீழ் பிடித்தால் கடல், உழவருக்குப் பிடித்தால் சேறு, தட்டாஞ்சாவடித் தொழிலாளிக்குப் பிடித்தால் ஆலைப் புழுதி. எங்கள் வழக்கம் அது. எங்கள் கையை மட்டும் நாங்கள் ஒருநாளும் ஐயுற்றதில்லை.

நகரத்து அறுவை மருத்துவர்கள் மாதந்தோறும் கூடுகிறோம். ஒருவர் தோல்வியிலிருந்து மற்றவர் கற்பதற்கென்று தொடங்கிய கூட்டம். நடப்பதோ வெற்றிகளின் படக்காட்சி, பிறகு பிரியாணி. அம்மாதம் நான் அந்தப் புண்ணின் படத்தைத் திரையிட்டேன். முன்வரிசையில் இருந்த தலைமை மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முத்தியால்பேட்டையில் சிறிய மருத்துவமனை நடத்தும் ஒருவர், அறுவை செய்யும் இடத்து முடியை எப்போது மழிக்கிறீர்கள் என்று கேட்டார். முந்தின நாள் மாலை, சவரக் கத்தியால், என்றேன். அவ்வழக்கத்தைத் தாம் கைவிட்டுவிட்டதாகச் சொன்னார். கத்தி தோலில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களை இடுகிறது. விடிவதற்குள் அவற்றில் கிருமி குடியேறுகிறது. ஆகவே முடியை அப்படியே விட்டுவிடுகிறார். இடைஞ்சலானால் மட்டும், அறுவைக்குச் சற்று முன் இயந்திரத்தால் கத்தரிக்கச் செய்கிறார். அதன்பின் சீழ் குறைந்ததாம்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"அது ஆச்சு, நாலஞ்சு வருஷம்."

"இங்க ஒரு தடவகூடச் சொல்லலியே."

"உங்கள்ல யாரும் சீழ் புடிக்குதுன்னே சொல்லலியே டாக்டர்."

அரங்கம் சிரித்தது. பாடநூல்களில் உள்ள செய்திதான் அது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவர் செய்து கண்டதைக் கேட்டால்தான் நாங்கள் நம்புவோம். கேட்பதற்கோ மானம் தடுக்கும். எங்கள் மானத்தைக் காக்க நோயாளியின் வயிறு சீழ் வடிக்க வேண்டும்.

மறுநாளே சண்டையிட்டு அந்தச் சவரத்தை நிறுத்தினேன். மீனவருக்குப் பொருத்திய வலையைக் காக்க இயலவில்லை, அகற்றினோம். அவருடைய சீழுக்குச் சவரமே காரணம் என்று அறுதியிட முடியாது; கடலுக்கே போகாதவருக்குக் கடல் காரணமன்று என்று அறுதியிடலாம். அதையாவது அவர்களிடம் சொல்லுங்கள் என்று தலைமை மருத்துவரிடம் வேண்டினேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்றார். நானே போய், பிழை அவர்களுடையதன்று, குறை எங்கள் முறையில்தான் என்று சொன்னேன்.

மனைவி கேட்டார்.

"பெரிய டாக்டரு சொன்னத நம்பி எங்க மாமியார்லேந்து குப்பமே காறித் துப்புச்சு, புருசன அடக்கி வெக்கத் தெரியாதவன்னு. இப்ப நீங்க வந்து எங்காதுல மட்டும் சொல்றீங்க. சொன்னவரு எங்க?"

அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு தலைமை மருத்துவரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டாமலே திறந்தேன்.