கூப்பிடாத விருந்து

போன வாரம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரே பீட்ரூட் வாசனை. காலையில் அடுப்பில் ஏறினால் ராத்திரிதான் இறங்கும். எங்கள் மலையில் பீட்ரூட்டை விளைவிப்போம், மூட்டை கட்டுவோம், ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி ஏற்றுவோம். நாள் முழுக்க வேகவைக்க மாட்டோம். அந்த அளவுக்கு அதன் மேல் எங்களுக்குக் கோபமில்லை.

மாடியில் குடியிருப்பவள் மார்த்தா. போலந்துக்காரி. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். போலந்தில் பிறந்து, பிரெஞ்சில் சம்பாதித்து, தமிழில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறாள். ஒரு மனுஷிக்கு எதற்கு இத்தனை மொழி? எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

டிசம்பர் வந்தால் மொழி டீச்சர் பாடு திண்டாட்டம். பிள்ளைகளின் உடம்புதான் வகுப்பில் இருக்கும். மனசு மலையிறங்கி வத்தலக்குண்டைத் தாண்டியிருக்கும்.

“இப்போது எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான், அக்கா. ‘பெட்டி கட்டியாச்சு’ என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?” என்றாள் மார்த்தா.

பள்ளிக்கூடம் மூடியது. பிள்ளைகள் போனார்கள். மற்ற வெளிநாட்டு டீச்சர்கள் கோவா, கேரளா என்று கிளம்பினார்கள். இவள் மட்டும் மாடியில், ஒரு கட்டு விடைத்தாளோடு.

“நீ ஊருக்குப் போகலையா?” என்று கேட்டேன்.

“மொத்தமாகவே போய்விடலாமா என்று யோசிக்கிறேன், அக்கா.”

விஷயம் இதுதான். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாளா, இல்லையா என்று பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறது. லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இங்கே உனக்கு என்ன குறை?”

“குறை இல்லை. கல்யாணம், காதுகுத்து, பொங்கல்... எல்லாரும் என்னைக் கூப்பிடுகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள். என் வீட்டில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. வந்த நாளிலிருந்து நான் விருந்தாளி. விருந்தாளி ஒருநாள் கிளம்பத்தானே வேண்டும்?”

எனக்குச் சுருக்கென்றது.

அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அவர்கள் ஊர் வழக்கப்படி விருந்து. எங்கள் தெரு முழுவதற்கும். யாரும் வராவிட்டால்? அதை அவள் சொல்லவில்லை. பெட்டி கட்டிவிடுவாள் என்று எனக்கே புரிந்தது.

எப்படி அழைப்பது என்று என்னிடம்தான் யோசனை கேட்டாள். நானும் பெரிய மனுஷி தோரணையில், “இந்தக் காலத்தில் என்ன? வாட்ஸ்அப்பில் போட்டுவிடு” என்றேன். பாதி ஆயுசு மதுரையில் குப்பை கொட்டிவிட்டு மலையேறி வந்தவள் நான். என் யோசனை அப்படித்தான் இருக்கும்!

போட்டாள். மெழுகுவத்திப் படம், கீழே தமிழில் அழகாக நாலு வரி. கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. ரோஜாப்பூகூட வந்தது. மார்த்தா சந்தோஷமாக முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தாள்.

விருந்துக்கு முந்தின நாள் காலை, பால் வாங்கப் போன இடத்தில் பாண்டியம்மாளைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி. பூண்டு விவசாயம். அவள் தலையசைக்காமல் எங்கள் தெருவில் ஒன்றும் நடக்காது.

“நாளைக்குச் சாயங்காலம் வெரசா வந்துடு” என்றேன்.

“எங்கேக்கா?”

“மார்த்தா வீட்டுக்குத்தான். மெசேஜ் வந்துச்சுல்ல?”

“வந்துச்சு. நல்லாருக்குன்னு கும்பிடுகூடப் போட்டேனே.”

“அப்போ வர்றேல்ல?”

“கூப்புடாத வீட்டுக்கு எப்பிடிக்கா வர்றது?”

“அதான் கூப்பிட்டிருக்காளே!”

“அது போனுக்கு வந்துச்சு. வீட்டுக்கு வரலையே...” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எங்க வீட்டுக் காதுகுத்துக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் மாடியேறிப் போயி, குங்குமம் குடுத்துல்ல கூப்புட்டோம்? டீச்சரம்மாவுக்கு எங்க வாசப்படி ஏற என்ன கொறைச்சலாம்?”

கோபம். நிஜமான கோபம். விசாரித்தால், தெரு முழுக்க இதே வருத்தம்.

பால் தூக்கோடு மாடிக்கு ஓடினேன். மார்த்தா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே வெள்ளை, இன்னும் வெளுத்தது.

“அப்படியென்றால்... யாரும் வர மாட்டார்களா?”

“வருவாங்க. முதலில் கையைக் கழுவு. புடவை இருக்கா?”

இருந்தது. ஸ்வெட்டருக்கு மேலே புடவையா, புடவைக்கு மேலே ஸ்வெட்டரா என்பதில் கொஞ்ச நேரம் போனது. தட்டு, குங்குமம், வெற்றிலை பாக்கு எல்லாம் என் உபயம். பாண்டியம்மாள் வீட்டு வாசலில் நின்று, ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி மார்த்தா ஆரம்பித்தாள்.

“பாண்டியம்மா அக்கா, அண்ணன், பிள்ளைகள்... எல்லாரும் குடும்பத்தோடு நாளைக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும்.”

பாண்டியம்மாள் விறைப்பு மாறாமலே குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“அதுக்கென்ன டீச்சரம்மா, வந்துட்டாப் போச்சு. வெள்ளனே வந்து வேலைக்கும் ஒத்தாசை பண்றேன்.”

அதே தட்டோடு அன்றைக்கே தெருவில் எல்லா வீட்டு வாசப்படியும் ஏறி இறங்கினோம்.

வந்தார்கள். குடும்பத்தோடு என்றால் எங்கள் ஊரில் அர்த்தம் தெரியுமில்லையா? மச்சான், மச்சானுடைய மாமியார், லீவுக்கு வந்த பிள்ளைகள்... மாடிப்படி வரைக்கும் ஆள். மார்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆனால் ஒரு சிக்கல். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிட வேண்டுமாம். போலந்து வழக்கம். டிசம்பர் மேகத்தில் எங்களுக்கு எதிர்வீடே தெரியாது!

பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “டீச்சரம்மா, இதுல நச்சத்திரத்தைப் பாத்துட்டுத்தான் சாப்புடணும்னா பங்குனி ஆயிரும். மனசுல நெனைச்சுக்கிட்டு எலையப் போடுங்க.”

இலை விழுந்தது. பிரியாணியை எதிர்பார்த்து மத்தியானச் சோற்றைக் குறைத்துக்கொண்டு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பீட்ரூட் சூப். முட்டைக்கோஸ். உருளைக்கிழங்கு. அவர்கள் நாட்டில் அந்த நாளில் கறி கிடையாதாம்.

“நாம லாரி ஏத்துனது பூரா ஒட்டன்சத்திரம் போகாம இங்கன வந்துல்ல எறங்கிக் கெடக்கு” என்றாள் பாண்டியம்மாள். மாடியே சிரித்தது. சிரித்துக்கொண்டே சூப்பை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்கள்.

ஆனால் எங்கள் தெரு லேசுப்பட்டதா? டீச்சரம்மா சமையலை மட்டும் நம்பி யாரும் வரவில்லை. எலுமிச்சைச் சாதம், சுண்டல், தயிர்ச்சாதம் என்று வீட்டுக்கு ஒரு பாத்திரம் கூடவே வந்திருந்தது.

மறுநாள் மார்த்தா பாத்திரங்களைப் பளபளவென்று தேய்த்து, திருப்பிக் கொடுக்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“அக்கா, வெறும் சட்டியாக வாங்க மாட்டார்களாம். ஏதாவது போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.”

இஞ்சி பிஸ்கட் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலமே பாண்டியம்மாள் வீட்டுச் சட்டி கேசரியோடு மாடியேறியது. பிஸ்கட் கொடுத்தவளை வெறுமனே விடலாமா? மற்ற வீட்டுப் பாத்திரங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

“இது எப்போது முடியும், அக்கா?”

“எனக்குத் தெரிந்து முடிந்ததில்லை” என்றேன்.

நேற்று பள்ளிக்கூடத்துக்குப் பதில் அனுப்பிவிட்டாள். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாளாம். ஊரில் அவள் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

“அம்மாவிடம் என்ன காரணம் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“உண்மையைத்தான் சொன்னேன். தெருவில் எல்லார் வீட்டுப் பாத்திரமும் என்னிடம் இருக்கிறது. எப்படிக் கிளம்புவது?”

அதில் ஒரு குக்கர் என்னுடையது. நான் கேட்கப்போவதில்லை.