வாடகைத் தம்பி

யாழ்ப்பாணத்து உடுவிலில் ஒரு கலியாணம் என்றால் மணவறை ஞானாம்பிகை வீட்டிலிருந்துதான் போகும். குத்துவிளக்கு, கதிரை, மாப்பிள்ளையின் தலைப்பாகை என்று எல்லாவற்றையும் பரம்பரையாக வாடகைக்கு விடுகிற குடும்பம். அந்த வீட்டில் வாடகைக்குப் போகாமல் மிஞ்சியிருந்தது மகன் கோகுலன் ஒருவன்தான். தங்கமான பிள்ளை. என்ன வேலை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

அக்கா நிவேதனா கொழும்பில் முகாமைத்துவம் படித்துவிட்டு வந்து கைபேசிச் செயலி ஒன்றைத் தொடங்கினாள். வீடுகளில் தூசி பிடித்துக் கிடக்கிற சமையல் கிடாரம், ஏணி, தண்ணீர்ப் பம்பு எதையும் அதில் பதிந்து அயலவருக்கு வாடகைக்கு விடலாம்.

"சும்மா கிடக்கிறதை உழைக்க வைக்கிறதுதான் இப்பத்தை உத்தி. எங்கடை வீட்டிலை சும்மா கிடக்கிறது எது, அம்மா?"

தாய் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்படித்தான் கோகுலன் செயலியில் ஏறினான். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் அவருடைய காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். அவன்தான் தோழன். சகோதரன்மார் எல்லாரும் கனடாவிலும் சுவிஸிலும் பனி தள்ளிக்கொண்டிருந்தால் தோழனுக்கு எங்கே போவது? நிவேதனா விளம்பரம் எழுதினாள்: 'பெண்ணுக்குத் தம்பி. தேவையென்றால் அண்ணன். வேட்டி சொந்தம். கண்ணீருக்குத் தனிக் கட்டணம்.'

மானிப்பாய், தெல்லிப்பழை என்று ஓர் ஊர் விடாமல் கால் கழுவினான். எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒரு மாமி மட்டும், 'சொந்த மகனை விடப் பாசம், ஆனால் பாயசம் மூன்று தரம் கேட்டார்' என்று எழுதி ஒன்றைக் குறைத்துவிட்டாள்.

வில்லங்கம் அவனுக்கே பெண் தேடியபோதுதான் வந்தது. போன வீடெல்லாம் ஒரே பதில்: "உங்கடை பெடியன் எங்கடை பிள்ளைக்கு அண்ணன் முறையெல்லோ!" பெரியப்பா மகளுக்குத் தோழனாக நின்றவன் இவளுக்கும் அண்ணன்தானாம். வாடகைக் கதிரையை விடியமுன் திருப்பி அனுப்புகிற சனம், வாடகை முறையை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொண்டது. வலிகாமப் பகுதி முழுக்க அவனுக்குத் தங்கச்சிமார்.

மற்றவர்கள் போகட்டும், ஆரணியை அவனால் விட முடியவில்லை. மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். அவன் கால் கழுவிவிட்டு நிமிர்கிற நேரமெல்லாம் வாயில் கொண்டை ஊசியோடு நின்று சிரிப்பாள். அவளை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அவளுடைய தகப்பன் தியாகராசாவோ, "என்ரை தம்பியின்ரை மகளுக்குத் தோழனா நிண்டவன். கேக்கவே கூசுது" என்று கையை விரித்துவிட்டார்.

நிவேதனா விடுவாளா?

"டேய், ஆரணியின்ரை அண்ணன் ஜெயரூபனுக்கு ஆவணியிலை கலியாணம். பொம்பிளையின்ரை தமையன் கனடாவிலை, லீவு கிடைக்கேல்லை. நீ பொம்பிளைக்குத் தோழனா நிண்டா ஜெயரூபன் உனக்கு ஆர்?"

"மச்சான்."

"அவன்ரை தங்கச்சி?"

"மச்சாள்! கட்டுற முறை!" கோகுலன் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினான். தியாகராசாவும் விரல் மடித்து எண்ணிப் பார்த்து, "ஓம், அது நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

கலியாணத்தன்று செம்பும் கையுமாக மண்டப வாசலில் நின்றான். வாழ்நாளில் அவன் இவ்வளவு ஆசையோடு ஒருவருடைய காலுக்குக் காத்திருந்ததில்லை. மாப்பிள்ளையின் கார் வந்தது. பின்னாலேயே ஒரு வானும் வந்தது. அதிலிருந்து பயணப் பெட்டியோடு ஒருவன் குதித்து ஓடிவந்தான். பெண்ணின் சொந்தத் தமையன். கடைசி நேரத்தில் லீவு கிடைத்துவிட்டதாம்.

"செம்பைத் தாங்கோ, தம்பி."

"இது முற்பதிவு செய்தது, அண்ணை!"

"அவள் என்ரை தங்கச்சியடா."

அதற்குமேல் என்ன கதைப்பது? கோகுலன் செம்பைக் கொடுத்தான். "அப்ப நீர் பழையபடி ஆரணிக்கு அண்ணன்" என்று தியாகராசா தீர்ப்புச் சொல்லிவிட்டு மேளத்தோடு உள்ளே போனார்.

மண்டபத்தின் பின்பக்கம், சோற்றுக் கிடாரத்தடியில் குந்தியிருந்து கோகுலன் விம்மி விம்மி அழுதான். ஆரணி தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏன் அழுறியள்?"

"முறை பிழைச்சுப் போச்சு."

"உங்கடை அம்மா என்ரை அப்பாவைக் கேட்டவ. அக்கா முறையைக் கேட்டவ. என்னை ஆர் கேட்டது?"

அவன் திகைத்துப்போனான். அவளோடு தனியாக ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இப்ப கேட்டா?"

"கேட்டுப் பாருங்கோவன்."

"என்னைக் கட்டுவியளோ?"

"கட்டுவன். அப்பா ஒரு கிழமை கத்துவார், கத்தட்டும். ஆனா இந்தத் தம்பி வேலை இனி வேண்டாம்."

கோகுலன் மூக்கைத் துடைத்தான். "தையிலை ஏழு பொம்பிளையள் என்னை நம்பிக்கொண்டு இருக்கினம். ஒருத்திக்கும் கூடப்பிறந்தவன் இஞ்சை இல்லை."

ஆரணி சிரித்துவிட்டாள்.

"சரி, அவையளுக்கு நில்லுங்கோ. நானே வந்து சோடிச்சு விடுறன். உங்கடை தங்கச்சிமார் எனக்கு மச்சாள்மார் தானே."